கரண்டு வைத்த காதுகள்

1

போன செவ்வாய்க்கிழமை காது டாக்டரிடம் போயிருந்தேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எனக்குக் கேட்காது என்று அங்குள்ள நர்ஸ் அம்மாவுக்குத் தெரியும். எழுந்து வந்து தோளைத் தொட்டு அழைத்துப் போவார். அன்று தொட்டதோடு விடாமல் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குக் கரண்டு வைத்து முடித்து இந்த மாதத்தோடு எட்டு வருஷம். "இது உங்கள் இரண்டாவது பிறந்தநாள்" என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார். புற்றுநோயிலிருந்து பிழைத்தவர்களிடம் இங்கே அப்படிச் சொல்வார்கள். நானும் சிரித்து நன்றி சொன்னேன். பிறகு உள்ளே போய்ப் படுத்தேன். டாக்டர் என் வலது காதிலிருந்து சீழை உறிஞ்சி எடுத்தார்.

உறிஞ்சும் குழாய் காதுக்குள் போனதும் அறையே சுற்ற ஆரம்பிக்கும். கட்டிலின் விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, வாந்தி வராமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பேன். பிறந்தநாள் எனக்கு இப்படித்தான் போகிறது.

நான் கலா, கச்சிராயபாளையத்துக்காரி. கல்யாணமாகி ஜெர்மனிக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வீட்டுக்காரர் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை செய்கிறார். ஒரே மகள் இனியா, வேறு நகரத்தில் படிக்கிறாள். அப்பா அம்மா போன பிறகு ஊரில் எனக்கென்று இருப்பவன் தம்பி சேகர் ஒருவன்தான். கரும்பு போடுகிறான். டிராக்டர் வைத்திருக்கிறான்.

ஊரில் இப்போது ஒரு பேச்சு நடக்கிறதாம். "கலா பேச்சக் கேட்டுத்தான் சேகரு கரண்டு வெச்சிக்கினான். அவளுக்குப் போன மாதிரியே இவனுக்கும் காத வாங்கிட்டா." பேசட்டும். ஆனால் நாளைக்கு அதே ஊரில் இன்னொருவருக்கு டாக்டர் இதே வைத்தியத்தைச் சொன்னால், இந்தப் பேச்சை நம்பி அவர் வீட்டிலேயே படுத்துவிடக் கூடாது. அதற்காகத்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நல்லதை மட்டும் எழுதப் போவதில்லை.

2

எனக்கு முதலில் அடைத்தது இடது காது. குளிர்காலம், சளி என்று விட்டுவிட்டேன். பிறகு கழுத்தில் ஒரு கட்டி. மூக்குக்குப் பின்னால், தொண்டைக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் புற்று இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். அங்கே கத்தி வைக்க முடியாது, கதிர்தான் ஒரே வழி என்றார்கள். ஊரில் அதைக் கரண்டு வைப்பது என்பார்கள். எனக்கும் அந்தச் சொல்தான் வாயில் வருகிறது. முகத்துக்கு அளவெடுத்த ஒரு வலையை மாட்டி, தலை அசையாமல் மேசையோடு சேர்த்து இறுக்கிவிடுவார்கள். வாரக்கணக்கில் அப்படிப் போய்ப் படுத்தேன். கூடவே ஊசி மருந்தும் ஏற்றினார்கள். கட்டி கரைந்துபோனது. இன்றுவரை திரும்பவில்லை.

போனது காது. மூக்குக்குப் பின்னாலிருந்து காதுக்கு ஒரு சின்னக் குழல் போகிறது. நாம் எச்சில் விழுங்கும்போதெல்லாம் அது திறந்து மூடுகிறது. எனக்கு இரண்டு பக்கக் குழலும் கரண்டில் வெந்து இறுகிவிட்டன. காதுக்குள் நீர் கட்டியது. வலது செவிப்பறையில் துளை போட்டு வடிகால் வைத்தார்கள். அதன் வழியே சீழ் வந்தது. வடிகாலை எடுத்தார்கள், துளை மூடவில்லை. இதற்கிடையில் உள்ளே இருக்கிற நரம்பும் பழுதாகிவிட்டது. அதில் அந்த ஊசி மருந்துக்கும் பங்கு உண்டு என்றார் டாக்டர். காது மிஷின் தந்தார்கள். சீழ் வரும் நாட்களில் வலது காதில் அதை மாட்டக் கூடாது. பாதி நாட்கள் சீழ் வரும்.

அப்போது நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலையில் இருந்தேன். அறைகளில் அடிக்கும் அழைப்பு மணியின் கீச்சுச் சத்தம்தான் எனக்கு முதலில் கேட்காமல் போனது. காது கேளாத கிழவருக்குக் காது கேளாத தாதி. அவர் ஒன்று கேட்க நான் ஒன்று கொண்டுபோய்க் கொடுப்பேன். இரண்டு பேரும் சிரிப்போம். மேற்பார்வையாளர் அம்மா சிரிக்கவில்லை. என்னைச் சலவை அறைக்கு மாற்றினார். அங்கே யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை.

இவர்கள் மொழியில் காதுக்கு 'ஓர்' என்று பெயர். கடிகாரத்துக்கும் மணிக்கும் 'ஊர்'. ஒருநாள் டாக்டர் காது எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். நான் சுவரைப் பார்த்துப் பத்தரை என்றேன். அவர் சிரித்துவிட்டுக் கணினியில் ஏதோ நெடுநேரம் தட்டினார். அதன் பிறகு ஊனச் சான்றுக்கு விண்ணப்பிக்கச் சொன்னார். விண்ணப்பித்தேன். காது கேளாதவர் என்று சான்று கேட்டவளுக்கு அலுவலகத்திலிருந்து பதில் வந்தது: மேற்கொண்டு சில விவரங்கள் தேவை, கீழ்க்கண்ட எண்ணில் தொலைபேசியில் அழைக்கவும். நேரில் போனேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தவர் குனிந்தபடியே பேசினார். உதடு தெரியவில்லை. மூன்றாம் தடவை 'மன்னிக்கவும்' என்று நான் சொன்னபோது, உங்களுக்கு ஜெர்மன் தெரியாதா என்று எழுதிக் காட்டினார்.

தமிழ் என்றால் உதட்டைப் பார்த்தே முக்கால்வாசி பிடித்துவிடுவேன். பிறந்ததிலிருந்து பார்த்த உதடுகள். ஜெர்மன் அப்படி இல்லை. இனியாவுக்குப் பள்ளிக்கூடம், தோழிகள், கோபம், அழுகை எல்லாமே ஜெர்மனில்தான். அவள் குரல் மெல்லிசு. ஒரு தடவை சொல்வாள், இரண்டு தடவை சொல்வாள். மூன்றாவது தடவை தமிழில், "விடும்மா, ஒண்ணுமில்ல" என்பாள். அது மட்டும் எனக்குத் தெளிவாகப் புரியும். அவள் வளர்ந்து கல்லூரிக்குப் போகும்வரை என்னிடம் சொன்னதில் பெரும்பங்கு அந்த ஒண்ணுமில்லைதான்.

3

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேகரின் மனைவி மல்லிகா திரும்பத் திரும்பப் போன் செய்தாள். எனக்குப் போனில் கேட்காது என்று தெரிந்தவள். எப்போதும் எழுத்தில்தான் அனுப்புவாள். அன்று அவசரத்தில் எழுத வரவில்லை போலிருக்கிறது. விடுமுறைக்கு வந்திருந்த இனியாவிடம் போனைக் கொடுத்தேன். அவள் கேட்டுக் கேட்டு எனக்குச் சொன்னாள்.

"அத்தை அழறாங்க" என்றாள் முதலில். பிறகு சரியான சொல்லைத் தேடி நின்றாள். "மாமா கழுத்துல... முடிச்சு."

ஜெர்மனில் முடிச்சுக்கும் கட்டிக்கும் ஒரே சொல்தான். அவள் அதைத் தமிழாக்கிவிட்டாள். கரும்பு போடுகிற குடும்பத்தில் கழுத்தில் முடிச்சு என்றால் வேறென்ன நினைப்பது? எனக்குக் கயிறுதான் கண்ணில் வந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். இனியா பயந்துபோய்த் தன் கழுத்தில் விரலை வைத்து, ஒரு நெல்லிக்காய் அளவு காட்டினாள். "இப்டி, இப்டி. உங்களுக்கு இருந்துச்சே, அது."

அதே இடமா என்று கேட்கச் சொன்னேன். அதே இடம். இடது காது அடைத்திருக்கிறது. கள்ளக்குறிச்சியில் பார்த்துவிட்டுச் சென்னைக்கு அனுப்பியிருக்கிறார்கள். சில குடும்பங்களில் இப்படி இரண்டாவது ஆளுக்கும் வரும் என்று அங்கே சொன்னார்களாம். கரண்டு வைத்தால் குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறார்கள். சேகர் ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டில் சொல்லாமல் வெள்ளிமலைக்கு ஏறி, அங்கே தெரிந்த ஒரு வீட்டில் தங்கி, பச்சிலை கட்டிக்கொண்டிருக்கிறான்.

"ஏன் வேணாங்கிறானாம்? கேளு."

இனியா கேட்டாள். கேட்டதும் என்னைப் பார்க்காமல் போனையே பார்த்தாள்.

"சொல்லு."

"விடும்மா" என்று ஆரம்பித்தவள், அன்றைக்கு ஒண்ணுமில்லை என்று முடிக்கவில்லை. மெதுவாக, உதடு தெரியும்படி சொன்னாள். "எங்க அக்கா மாதிரி ஆவறதுக்கு நான் செத்துப்போறேன். அப்டி சொல்றாராம்."

4

விமானத்தில் போவது எனக்கு நல்லதல்ல. ஓட்டை விழுந்த வலது காது தப்பித்துக்கொள்ளும். மூடிக்கிடக்கும் இடது காதுக்கு இறங்கும்போது ஆணி அறைகிற மாதிரி வலி. அதைப் பொறுத்துக்கொண்டு சென்னையில் இறங்கி, ஊர் போய்ச் சேர்ந்து, மறுநாள் மலை பஸ்ஸில் ஏறினேன். மல்லிகா கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். மலையேறும்போது எல்லோருக்கும் காது அடைக்கும். எச்சில் முழுங்கினால் விட்டுவிடும். எனக்கு எச்சிலும் இல்லை, விடவும் இல்லை. கரண்டு எச்சில் சுரப்பிகளையும் சேர்த்துத்தான் வாங்கியிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் பாட்டில் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போனேன்.

சேகர் ஒரு சாமைக் கொல்லையின் ஓரத்தில், பாறை மேல் உட்கார்ந்திருந்தான். ஆள் பாதியாகியிருந்தான். கழுத்தைச் சுற்றி ஈரத்துணி. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"யாரு வரச் சொன்னது? மல்லிகாவா?"

"கழுத்துல இன்னாடா அது?"

"பச்சிலை."

"கட்டி கொறஞ்சிருக்குதா?"

வேறு பக்கம் பார்த்தான். "வலி கம்மியா இருக்குது."

"என்னப் பாத்துப் பேசு. இல்லன்னா எனக்குப் புரியாது."

சட்டென்று திரும்பினான். "அதத்தான் சொல்றேன். இந்த மாதிரி ஆயிட்டு நான் இன்னாக்கா பண்றது? மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு லோடு அடிக்கிறவன் நான். பின்னாடி எவன் ஆரன் அடிக்கிறான்னு தெரியாம ரோட்டுல போவ முடியுமா? வூட்டுல எதுனா சொன்னா, இன்னா இன்னான்னு நாலு தபா கேட்டுக்கினு கெடக்கணுமா? நீ வந்துட்டுப் போற ஒவ்வொரு தபாவும் உன்னப் பாத்துக்கினுதான இருக்கேன். கல்யாண வூட்டுல எல்லாரும் சிரிச்சா நீயும் சிரிப்ப. எதுக்குச் சிரிக்கிறன்னு உனக்கே தெரியாது."

நான் அப்படிச் சிரிப்பது யாருக்கும் தெரியாது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"பொய் சொல்லாம சொல்லு" என்றான். "உனக்கு இது மறுபடியும் வந்தா, கரண்டு வெச்சிக்குவியா?"

அன்று காலை பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் காதைச் சுத்தம் செய்திருக்கவில்லை. பையிலிருந்து பஞ்சுத் திரி, மருந்து எல்லாவற்றையும் எடுத்துப் பாறை மேல் பரப்பினேன். இடது காது மிஷினைக் கழற்றி வைத்தேன். வலது காதில் இருந்த பழைய திரியை அவன் முன்னாலேயே வெளியே இழுத்தேன். நாற்றம் வந்தது. வீட்டுக்காரர் முன்னால்கூட நான் இதைச் செய்வதில்லை. கதவைச் சாத்திக்கொள்வேன்.

"பாரு. தெனமும் இதான் வேலை. செய்யலன்னா ஜொரம் வரும். காதுக்குள்ள மோட்டாரு ஓடற மாதிரி ராவும் பகலும் எரைச்சல் கேட்டுக்கினே இருக்குது. இதுக்கு மேல எலும்பும் கெட்டுப்போவலாம்னு சொல்லி வெச்சிருக்காங்க. தண்ணி இல்லாம ஒரு வாய் சோறு எறங்காது. பல்லு ஒண்ணொண்ணாப் போவுது. உனக்கும் இவ்ளோ வரும்னு சொல்லல. வராதுன்னும் சொல்ல மாட்டேன்."

முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் பார்த்தான். ஆனால் பார்த்தான். பிறகு கிட்டே வந்து, செல்போன் வெளிச்சத்தைப் போட்டு என் காதுக்குள் எட்டிப் பார்த்தான். மிஷின் இல்லாததால் அவன் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. மாட்டிக்கொண்டு கேட்டேன்.

"செவப்பா இருக்குது, புண்ணு" என்றான். "அப்புறம் எதுக்குக்கா இத வெச்சிக்கணும்?"

"அப்ப இனியா ஏழாவது படிச்சிக்கினு இருந்தா. இப்பக் காலேஜு போறா. அவ பேசறது பாதி எனக்குப் புரியல. ஆனா பக்கத்துல நின்னு பாக்கறேன் இல்ல. மறுபடி வந்தாலும் வெச்சிக்குவேன்டா. அழுதுக்கினேதான் வெச்சிக்குவேன். ஆனா வெச்சிக்குவேன்."

அன்று அந்த வீட்டிலேயே தங்கினோம். நான் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. காலையில் பஸ் வரும் இடத்துக்கு நான் கிளம்பியபோது, கழுத்துத் துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் பையோடு வாசலில் நின்றான்.

5

மல்லிகா சென்னையில் அவனோடு தங்கிப் பார்த்துக்கொண்டாள். எனக்கு லீவு முடிந்து திரும்ப வேண்டியிருந்தது. அவனுக்கும் முகத்துக்கு வலை மாட்டினார்கள். வாய் முழுக்க வெந்து, கஞ்சிகூட முழுங்க முடியாமல், மூக்கில் குழாய் போட்டுத்தான் கடைசி வாரங்களைத் தள்ளினான். கட்டி கரைந்தது. அடுத்தடுத்து எடுத்த ஸ்கேன்களிலும் ஒன்றுமில்லை. மல்லிகா எனக்குக் கும்பிடுகிற படங்களாக அனுப்பினாள்.

சில மாதங்கள் கழித்துக் காது போக ஆரம்பித்தது. இரண்டு காதும்.

எனக்கு வந்ததோடு அவனுக்கு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. சாதாரணப் பேச்சு கேட்காது. ஆனால் தட்டு விழுந்தால், மோட்டார் போட்டால், யாராவது கத்தினால், காதுக்குள் ஊசி குத்தும் வலி. மல்லிகா எழுதியிருந்தாள்: "கம்மியா பேசுனா கேக்கலங்கிறாரு, ஜாஸ்தியா பேசுனா அடிக்க வராரு. நான் எப்டிதான் பேசறது அண்ணி?" டிராக்டரை இப்போது கூலிக்கு ஆள் வைத்து ஓட்டுகிறார்கள். கேட்டின் அருகே ஹாரன் அடித்தால் அவன் வீட்டுக்குள் ஓடிப் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொள்கிறான். காதுக்குள் ஓயாமல் ஆலைச் சங்கு ஊதுகிறதாம். ஆலை ஓடாத மாதத்திலும் எனக்கு ஊதிக்கினே இருக்குது என்று மல்லிகாவிடம் சொல்லியிருக்கிறான்.

எனக்கு அவனிடமிருந்து ஒரே ஒரு செய்திதான் வந்தது. "சத்தம் குத்தும்னு நீ சொல்லவே இல்லியே."

எனக்குக் குத்தியதில்லை. குத்தாததை எப்படிச் சொல்வேன்? அதை அவனுக்கு எழுதி அனுப்பினேன். படித்துவிட்டான் என்று போன் காட்டியது. பதில் இல்லை. அதற்குப் பிறகு பல மாதங்களுக்கு என் எந்தச் செய்திக்கும் பதில் இல்லை. ஊரில் பேச்சு கிளம்பியது அப்போதுதான். அது அவன் வாயிலிருந்து கிளம்பியதா என்று நான் மல்லிகாவைக் கேட்கவில்லை.

6

போன மாதம் அவன் மகள் பவித்ராவுக்குக் கள்ளக்குறிச்சியில் கல்யாணம். அத்தை இல்லாமல் எப்படி என்று பவித்ராவே எழுதியிருந்தாள். இனியாவும் வருகிறேன் என்றாள். என்னால் நம்ப முடியவில்லை. விமானம் இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

சேகர் என்னைப் பார்த்துத் தலையசைத்தான். அவ்வளவுதான்.

மேளம் வேண்டாம் என்று அவன் கேட்டுப் பார்த்திருக்கிறான். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "மேளம் இல்லாம தாலி கட்டறதுக்கு இது இன்னா கருமாதி வூடுங்களா?" என்று கேட்டாராம். பெண்ணைப் பெற்றவன் அதற்கு மேல் என்ன பேசுவான்? சரி என்றுவிட்டான். பஞ்சை வைத்து அடைத்துக்கொள்கிறேன் என்று மல்லிகாவிடம் சொல்லியிருந்தான். அன்று காலை பார்த்து அவனுக்குக் காதில் சீழ் வந்தது. நனைந்த பஞ்சு இருந்தும் இல்லாத கணக்கு.

மேளத்தில் மிஷின் வெறும் இரைச்சல்தான் தரும் என்று, மண்டபத்துக்குள் நுழைந்ததும் அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். நான் மேடைக்குக் கீழே, முதல் வரிசையில் இருந்தேன். எனக்கு எல்லாம் படம் ஓடுவதுபோல் தெரிந்தது. மேளக்காரர்களின் கன்னம் உப்புவதும் கை விழுவதும் தெரிந்தன. ஒவ்வொரு அடிக்கும் சேகரின் கண் மூடித் திறந்தது. தாரை வார்க்கும் நேரம் வந்தது. தேங்காயை வைத்து மகளின் கையை மாப்பிள்ளை கைமேல் வைத்துப் பிடித்தான். மல்லிகா சொம்புத் தண்ணீரை ஊற்றத் தொடங்கினாள். ஐயர் விரலை உயர்த்தி மேளக்காரர்களுக்குச் சைகை காட்டினார்.

சேகரின் இரண்டு கையும் மகளின் கையில் இருந்தன. எடுக்க முடியாது. வாய் கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது. தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கையை மட்டும் அவன் அசைக்கவில்லை.

நான் மேடை ஏறிவிட்டேன். யாரோ என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். இழுத்தது இனியா இல்லை, அவள் அந்தக் கையை விலக்கிக்கொண்டிருந்தாள். வீடியோக்காரர் நகரச் சொல்லிக் கையாட்டினார். சேகரின் பின்னால் போய் நின்று, என் இரண்டு உள்ளங்கைகளாலும் அவன் காதுகளை இறுக்கி மூடினேன். சீழ் என் கையில் ஒட்டியது. அவன் தாடை கிடுகிடுவென்று ஆடுவது விரல்களில் தெரிந்தது. தலையைப் பின்னால் சாய்த்து என் மேல் பாரத்தைப் போட்டான்.

தாரை வார்த்து அவன் கையை எடுத்ததும் மாப்பிள்ளை தாலியைக் கட்டினான். அட்சதை எங்கள் எல்லோர் மேலும் விழுந்தது. மேளம் எப்போது ஓய்ந்தது என்று எனக்குத் தெரியாது. மேளக்காரர்கள் என் முதுகுப் பக்கம் இருந்தார்கள். நான் கையை எடுக்கவில்லை. ஆட்கள் மேடையேறி வந்து மணமக்களின் கையைக் குலுக்க ஆரம்பித்த பிறகும் எடுக்கவில்லை.

கடைசியில் சேகர்தான் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். என் பக்கம் முழுதாகத் திரும்பினான். நான் பார்க்கும்படி உதட்டை நன்றாகத் திறந்து சொன்னான்:

"நின்னுடுச்சிக்கா. விடு."